வெள்ளிக்கிழமைப் பாராட்டு

ஜூரோங்
மார்ச் 1, ஞாயிறு

அன்பு மச்சான் கோவிந்தராசுக்கு,

ரத்னவேல் எழுதுவது. காகிதத்தில் கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்றோ தெரியவில்லை. என் கையெழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், சிரி. கம்பெனி கொடுத்த போனில் உன்னிடம் பேச எனக்குப் பயம், எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறது. நம்ம ராஜீவ் போன மாதம் அவன் அம்மாவிடம், "முடியலம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு அவன் நன்னடத்தைக் கணக்கில் இரண்டு நட்சத்திரம் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சி வகுப்புக்கு அனுப்பினார்களே, மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் இந்த ஏற்பாடு. தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அலீம் பாயின் லாரி திங்கள்தோறும் உங்கள் கிராஞ்சி விடுதிச் சமையல்கட்டில் காய் இறக்குகிறதாம். "கத்திரிக்காய்க் கூடைல வச்சு அனுப்புறேன் தம்பி, ஒருத்தனும் பார்க்க மாட்டான்" என்றார். பதிலையும் அதே லாரியில் கொடுத்துவிடு.

போன திங்கட்கிழமை காலை வாசலில் உன் கைப்பட்டை சிவப்பாக எரிந்ததும், உன்னை வரிசையிலிருந்து பிரித்துக்கொண்டு போனதும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீ வழக்கம்போல, சிரிப்பை அளக்கிற வாசல் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த மீசைக்குள் நீ சிரிப்பது எந்த மெஷினுக்குத் தெரியும்? தினம் அரை நட்சத்திரம் அதனாலேயே போயிற்று உனக்கு. எடுத்துவிடு என்றால் கேட்டாயா?

மூன்று நாள் காய்ச்சலை மறைத்துச் சாரம் ஏறினாய், உயரத்தில் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். இந்தக் கப்பல் பட்டறையில் காய்ச்சலைச் சொல்லிவிட்டு ஏறியவன் யார்? டாக்டர் சீட்டு வாங்கி எம்.சி. விடுப்பு எடுத்தால் ஐந்து நட்சத்திரம் போகும், ஐந்து போனால் ஞாயிற்றுக்கிழமை வெளியே விடமாட்டார்கள். யார் போய்ச் சொன்னது என்று எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இன்னொரு செய்தி. இந்த நேரத்தில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எப்படியோ நட்சத்திரம் சேர்ந்து எனக்குக் குடும்ப நாள் விழுந்திருக்கிறது. மாதக் கடைசியில் விசாலாட்சியும் பாப்பாவும் வந்து மூன்று நாள் என்னோடு தங்கலாம். பிடோக்கில் கம்பெனியே வீடு கொடுக்கிறது. பாப்பாவைத் தூக்கி இரண்டு வருஷமாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். காய்ச்சல் விட்டதா என்று முதலில் எழுது.

உன் மாப்ளே,
ரத்னவேல்


கிராஞ்சி
மார்ச் 8

மாப்ளே ரத்னவேலுக்கு,

கத்திரிக்காயோடு உன் கடிதம் வந்து சேர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. வேறு எதுவும் என்னை விடுகிற மாதிரித் தெரியவில்லை.

இந்த இடத்துக்கு ஓய்வு இல்லம் என்று பெயர். காலை ஆறு மணிக்கு எழுப்பிப் பக்கத்து நர்சரியில் உர மூட்டை தூக்க விடுகிறார்கள். ஆயிரம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூட்டை தோளில் இருக்கும்போதே கைப்பட்டையில் நம்ம 'தோழன்' அந்த இனிப்புக் குரலில், "கோவிந்தராசு, நீங்கள் இப்போது ஓய்வெடுக்கிறீர்கள். மகிழ்ச்சி!" என்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனை ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

உனக்குக் குடும்ப நாள் விழுந்ததில் எனக்கு என்னடா வருத்தம்? கூச்சமாம் கூச்சம். நீயாவது வாய் நிறையச் சிரித்து வாங்கினாயே. விசாலாட்சியிடம் அண்ணன் கேட்டதாகச் சொல். நான் இங்கே இருப்பதைச் சொல்லாதே, என் வீட்டுக்குப் போய்விடும்.

யார் சொன்னது என்று விளங்கவில்லை என்கிறாய். எனக்கு விளங்கிவிட்டது. நான் மாத்திரை போட்டதைப் பார்த்தது அறையில் இரண்டே பேர். நீ ஒருத்தன், கபீர் பாய் ஒருத்தர். உன்னைச் சந்தேகப்பட்டால் என் வாய் அழுகிவிடும். மிச்சம் யார்? "என்ன கோவிந்தராசு, கண்ணு செவந்திருக்கு?" என்று அவர் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடித்துக்கொண்டு மடையன் மாதிரி, "ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

வெள்ளிக்கிழமைப் பாராட்டு எப்படிப் போகிறது? வாரம் ஒருவன் இன்னொருவனைப் பாராட்டி மெஷினிடம் பேசினால்தான் சனிக்கிழமை பிரியாணி என்பதெல்லாம் இங்கே கிடையாது. நான் இல்லாத இந்த வாரம் நீ யாரைப் பாராட்டினாய்? ஒன்பது வருஷமாக என் பெயரைத் தவிர வேறு பெயர் உன் வாயில் வந்ததில்லையே.

மச்சான்
கோவிந்தராசு


ஜூரோங்
மார்ச் 15, ஞாயிறு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தை இந்த வாரம் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கழிப்பறைக்குள் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆறு நிமிஷம் தாண்டினால் கைப்பட்டை அதிரத் தொடங்கிவிடுகிறது.

கபீர் பாயைப் பற்றி அப்படி நினைக்காதே. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறார். நேற்றுகூட நோன்பு திறந்துவிட்டு உன் கட்டில் பக்கம் பார்த்து, "பாவம், ஒரு வாய் கஞ்சி குடிப்பான்" என்றார். யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மெஷினே கண்டுபிடித்திருக்கலாம். கைப்பட்டைக்கு உடம்புச் சூடு தெரியாதா?

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விசாலாட்சியும் பாப்பாவும் வந்து போகட்டும், நிதானமாக எழுதுகிறேன். அதற்குள் நீ அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே.

பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தார்களாம். சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொன்னதும் அழுதுவிட்டாளாம். இங்கே வந்தால் சிரிக்கச் சொல்வார்கள், அதற்கு என்ன செய்வாளோ.

மாப்ளே,
ரத்னவேல்


கிராஞ்சி
மார்ச் 16

மாப்ளே,

லாரி நிற்கும்போதே எழுதுகிறேன். அவசரப்படாதே என்று நீ எழுதியது கொஞ்சம் பிந்திவிட்டது.

போன புதன்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே ஒரு மேடமும் ஒரு திரையும். "உங்களோடு இருந்தவர்களில் யாராவது உடல்நிலையை மறைக்கிறார்களா? உங்கள் அக்கறை ஒருவரைக் காக்கும்" என்று தோழன் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில், அஹமது கபீர் நோன்பு வைத்துக்கொண்டு அதைப் பதியாமல் மத்தியான வெயிலில் சாரம் ஏறுகிறார் என்று சொல்லிவிட்டேன். நோன்பைப் பதிந்தால் தரைவேலை கொடுப்பார்கள், நட்சத்திரம் குறையும் என்று அவர் பதியவில்லை. நமக்குத் தெரிந்ததுதானே? எனக்கு அவர் செய்தார், அவருக்கு நான் செய்தேன். கணக்கு முடிந்தது.

என்னை ஏப்ரல் 2 விமானத்தில் ஊருக்கு அனுப்புகிறார்கள். முடிவாகிவிட்டது. என்னைப் பற்றிக் குறிப்புக் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றால் மட்டும்தான் மாறுமாம், அதற்கும் இருபத்துமூன்றாம் தேதிவரைதான் கெடுவாம். கபீர் பாயாவது, திரும்பப் பெறுவதாவது.

கூடையில் ஒரு மிளகாய்க் கன்று இருக்கும். நர்சரியில் உடைந்த தொட்டியோடு தூக்கிப் போட்டதை எடுத்து வளர்த்தேன். பாப்பாவுக்குக் கொடு. மாமா கொடுத்தார் என்று சொல்.

மச்சான்
கோவிந்தராசு


ஜூரோங்
மார்ச் 30

கோவிந்தராசுக்கு,

மச்சான் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். இதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்ளலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்னைச் சொன்னது நான்.

பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமைப் பாராட்டில் வழக்கம்போல உன் பெயரைச் சொன்னேன். என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன்: "கோவிந்தராசு மூணு நாளா காய்ச்சலோட சாரம் ஏறினான். ஒரு வார்த்தை சொல்லல, ஒரு நாள் லீவு போடல. இவன மாதிரி உழைப்பாளி இந்தப் பட்டறைலயே கிடையாது." சத்தியமாக உன்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னேன். நம்ம ஊரில் ஒருவனை வேறு எப்படிப் பாராட்டுவார்கள்? கால் முறிந்தும் அறுப்புக்குப் போனான், பெண்ணுக்குத் தாலி கட்டிய கையோடு கடைக்கு வந்துவிட்டான் என்றுதானே சொல்வோம்? அந்த மெஷின் அதைப் பாராட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து ஆபத்துப் பெட்டியில் போட்டுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டவன் நீ.

இதோடு நிறுத்திவிட்டால் நான் முட்டாள், அவ்வளவுதான். முட்டாளாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போன திங்கட்கிழமை சாயந்தரமே போனில் வந்துவிட்டது: "உங்கள் அக்கறை ஒரு தோழரைக் காத்தது. அறுபது நட்சத்திரங்கள்." அடியில் சின்னதாக ஒரு பொத்தான். குறிப்பைத் திரும்பப் பெறலாம், பெற்றால் அந்தத் தோழர் வேலைக்குத் திரும்புவார், நட்சத்திரங்கள் ரத்தாகும். அந்த அறுபதில்தான் எனக்குக் குடும்ப நாள் விழுந்தது. அமுக்கியிருந்தால் நீ வந்திருப்பாய், விசாலாட்சியும் பாப்பாவும் வந்திருக்க மாட்டார்கள். நான்கு வாரம் அந்தப் பொத்தான் என் சட்டைப்பையிலேயே இருந்தது. விரலைக் கொண்டுபோவேன். பாப்பா முகம் வரும். நாளைக்கு என்பேன். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதும் அது பையில்தான் இருந்தது. "எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை" என்று எழுதினேனே, அந்த வரியை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நீ கபீர் பாய்மேல் பழியைப் போட்டபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான்.

உன் குறிப்பால் அவருக்குப் பெருநாள் விடுப்பு போயிற்று. இருபத்தொன்றாம் தேதி பட்டறையே காலியாக இருக்கிறது, மற்ற பாய்களெல்லாம் புதுச் சட்டையோடு தொழுகைக்கு லாரி ஏறுகிறார்கள், அவர் மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்து 'நேர்மையாக இருப்பது எப்படி' என்று திரையில் பாடம் பார்க்கிறார். பொத்தானை அமுக்க அன்றைக்கும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது எனக்கு. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நேற்றுதான் குடும்ப நாள் விழா. பாப்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வதைப் படம் எடுக்க வேண்டுமாம். அவள் என்னைப் பார்த்துப் பயந்து அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்று தடவை ஓடவிட்டு எடுத்தார்கள். பிறகு மேடையில் என்னை நிறுத்தி, "சக தோழரின் உயிரைக் காத்தவர்" என்று சொல்லி என் குரலையே ஒலிபெருக்கியில் போட்டார்கள். கோவிந்தராசு மூணு நாளா காய்ச்சலோட. நானூறு பேர் கேட்டார்கள். மூன்றாம் வரிசையில் கபீர் பாய் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள், தட்டாவிட்டால் கைப்பட்டைக்குத் தெரிந்துவிடும். அவரும் தட்டினார்.

பிடோக் வீட்டுக்கு வந்ததும் விசாலாட்சி கேட்டாள்: "நம்ம கோவிந்தராசு அண்ணனா அது?" ஆமாம் என்றேன். "அவங்க இப்ப எங்க?" சொன்னேன். பொத்தானையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கம்பெனி கொடுத்த புடவையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எங்கள ஏங்க கூப்பிட்டீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?" என்றாள். இன்று காலை பட்டறை வாசலில் படம் எடுக்க நிறுத்தியபோது அவள் சிரிக்கவே இல்லை. அதற்கு எனக்கு அரை நட்சத்திரம் போயிற்று.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் போய்விடாதே.

ரத்னவேல்


கிராஞ்சி
ஏப்ரல் 1

ரத்னவேலுக்கு,

அலீம் பாய் நேற்று முறை இல்லாத நாளில் லாரியை அனுப்பி உன் கடிதத்தைச் சேர்த்தார். நீ அழுதாயாம். அவர் சொல்லித்தான் தெரியும்.

என்னைச் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. உனக்குக் காய்ச்சல் வந்திருந்தால் நானும் அதே வார்த்தையைத்தான் அந்த மெஷினிடம் சொல்லியிருப்பேன், இன்னும் இரண்டு சேர்த்து. பொத்தானை அமுக்காததற்கும் பெரிய கோபம் இல்லை. எனக்கும் பெண் இருக்கிறாள். என்னிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்திருந்தால் உடனே அமுக்கியிருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் நான் கபீர் பாய் பெயரை எழுதினேன். நீ விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே படித்தாய், நேற்றுபோல அன்றைக்கும் லாரியை அனுப்பியிருக்கலாம். படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று எழுதினாய். இல்லை என்று உனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் கஞ்சியைக் குடித்த வாயால் அவர் நோன்பையே குற்றமாகச் சொன்னேன். என் அப்பன் பாட்டன் யாரும் செய்யாத காரியம். இனி பெருநாள் வரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். நீ வெட்கப்படுவது உன் பாடு. அதில் எனக்கும் ஒரு பங்கு வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல். எனக்காகச் சொல்லாதே. நான் செய்ததை நான் செய்ததாகவே சொல், குறைக்காதே.

நாளைக்கு விமானம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

கோவிந்தராசு


ஜூரோங்
ஏப்ரல் 19, ஞாயிறு

கோவிந்தராசுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். பதில் கேட்டு எழுதவில்லை. நீ சொன்னதைச் செய்தேனா என்று உனக்குத் தெரிய வேண்டாமா, அதற்காக இது ஒன்று மட்டும்.

கபீர் பாயிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தினமும் அவர் தொழுதுவிட்டு எழும்வரை நின்றுவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவேன். கடைசியில் சொன்னேன். உன்னைச் சொன்னது நான் என்பது விழாவிலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவரைச் சொன்னது நீ என்பதும், ஏன் சொன்னாய் என்பதும், எல்லாம் தெரிந்து நான் வாய்மூடி இருந்தேன் என்பதும்தான் தெரியாது. உன்மேல் கோபமா என்று நான்தான் கேட்டேன்.

"அவன் ஏமாந்தவன் தம்பி. நீ தெரிஞ்சவன்" என்றார்.

மறுநாள் வேறு அறைக்குக் கட்டில் மாற்றிக்கொண்டார். போகும்போது ஜன்னலில் இருந்த மிளகாய்க் கன்றைத் தூக்கினார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று விசாலாட்சி அதை விட்டுவிட்டுப் போயிருந்தாள். "இது உங்கிட்ட இருக்கக் கூடாது" என்றார். வைத்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? மூன்றாவது மாடி நடையில் வைத்திருக்கிறார். பூ விட்டிருப்பதை வேலைக்குப் போகிறபோது பார்த்தேன்.

பொத்தானை இப்போது அமுக்கிப் பார்த்தேன். காலம் முடிந்துவிட்டது என்கிறது. இரண்டு வெள்ளிக்கிழமை யாரையும் பாராட்டாமல் இருந்தேன். நட்சத்திரம் போய், கீழ்க்கட்டில் போய், உன் பழைய மேல்கட்டிலில் படுக்கிறேன். இதைப் பிராயச்சித்தம் என்று நினைத்து எழுதவில்லை. வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதான். மூன்றாவது வெள்ளிக்கிழமை பேசாவிட்டால் வகுப்புக்கு அனுப்புவார்கள் என்று ராஜீவ் சொன்னான். அதனால் முந்தாநாள் மெஷின் முன்னால் போய் நின்றேன். "யாரைப் பாராட்ட விரும்புகிறீர்கள்?" என்று தோழன் கேட்டான். கோவிந்தராசு என்றேன்.

"அந்தப் பெயரில் தோழர் யாரும் இல்லை. வேறு பெயரைச் சொல்லுங்கள்."

மறுபடியும் உன் பெயரைத்தான் சொன்னேன். மூன்று தடவை சொன்னதும் அணைந்துவிட்டது. நாளையிலிருந்து எனக்கு மகிழ்ச்சி வகுப்பு.

இதுவரை எழுதியதை அலீம் பாயிடம் கொடுத்தபோது பழக்க தோஷத்தில் கத்திரிக்காய்க் கூடையை இழுத்தார். "இல்ல பாய், இது ஊருக்கு" என்றேன். அவர் கூடையைத் தள்ளிவிட்டு, தபால்தலை வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். உறையை ஒட்டுவதற்கு முன்னால் இந்த வரிகளைச் சேர்க்கிறேன்.

காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள். யாரிடமும் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

ரத்னவேல்